பழமா, பருப்பா, பொடியா?
மலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பழனி மலையின் மேல்பகுதியிலிருந்தும் கீழ்ப்பகுதியிலிருந்தும் வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் தருகிறோம்.

கேள்வி: நாங்கள் தாண்டிக்குடிப் பக்கம் 12 பேர் கொண்ட மகளிர் குழு. ஆளுக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று காப்பி இருக்கிறது. பழத்தை அன்றன்றைக்கே வாசலில் வைத்து வியாபாரிக்கு எடை போட்டுவிடுகிறோம். சொந்தமாகப் பொடி அரைத்துச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்றால் நல்ல லாபம் என்கிறார்கள். வறுக்கும் மெஷினுக்கு வங்கிக் கடன் கேட்கலாமா?
(மகளிர் குழு, தாண்டிக்குடி)

பதில்: வறுக்கும் மெஷின் கடைசியாக வாங்க வேண்டிய சாமான். அதற்கு முன்னால் ஒரு தராசும் ஒரு நோட்டும் வேண்டும்.

முதலில் எடை எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். நன்றாகச் சிவந்த 100 கிலோ பழத்தைத் தோலெடுத்து, கழுவி, காயவைத்தால் சுமார் 20 கிலோ பார்ச்மென்ட், அதாவது ஓட்டோடு காய்ந்த பருப்பு, கிடைக்கும். ஓட்டை நீக்கினால் 16 கிலோ பருப்பு. கறுப்பையும் உடைசலையும் பொறுக்கிப் போட்ட பிறகு 15 கிலோ நிற்கும். வறுக்கும்போது எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விடும். ஆக, கையில் வருவது 12.5 கிலோ பொடி. பழம் கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் (உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்) 6,000 ரூபாய்ப் பழம் 12.5 கிலோ பொடியாகிறது. பழத்துக்கு மட்டுமே கிலோவுக்கு 480 ரூபாய் விழுந்தாயிற்று. இதன் மேல் வேலைக்கூலி, ஓடு நீக்கும் கூலி, வறுவல், பை, லேபிள், வண்டி வாடகை எல்லாம் ஏறும். கடைக்காரர் தன் பங்காகக் கிலோவுக்கு 100, 150 எடுத்துக்கொண்டு, "வச்சுட்டுப் போங்க, வித்தா காசு தர்றேன்" என்று சொல்வாரானால், மூன்று மாதத்துக்கு உங்கள் முதல் அவர் அலமாரியில் உட்கார்ந்திருக்கும்.

பழத்துக்கும் பொடிக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. நாங்கள் சொல்வது அதைத்தான். முதல் இரண்டு பருவம் பார்ச்மென்டாக விற்றுப் பழகுங்கள். மேற்சொன்ன கணக்கில் பார்ச்மென்டுக்கு அடக்கம் கிலோ 300 ரூபாயும் கூலியும். வியாபாரி தரும் விலை அதற்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ, அதுதான் உங்கள் குழுவின் வருமானம். பொடி மாதிரி அது ஆறு வாரத்தில் மணம் போய்க் கெடாது. நன்றாகக் காய்ந்திருந்தால் விலை பார்த்து விற்க மாதக்கணக்கில் வைத்திருக்கலாம்.

வேலையில் எங்கே தவறும் என்று சொல்லிவிடுகிறோம்.

பறித்த பழத்தை அன்று மாலைக்குள் பல்ப்பரில் (பழத்தோலை உரிக்கும் மெஷின்) போட்டாக வேண்டும். சாக்கில் ஓர் இரவு கிடந்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும். அந்த வாடை வறுத்த பிறகும் போகாது. பல்ப்பரில் போடும் முன் தொட்டித் தண்ணீரில் கொட்டி மிதப்பதை வழித்து எடுத்துவிடுங்கள். மிதப்பது பொக்கு, பூச்சி விழுந்தது. அதைத் தோலெடுக்காமல் தனியாக, 'செரி' என்கிற முழுப் பழமாகவே காயவைத்து மட்ட விலைக்குத் தள்ளிவிடலாம். பச்சைக் காய் கலந்தால் பல்ப்பர் அதை நசுக்கும். இடைவெளி சரியாக வைக்காவிட்டால் நல்ல பருப்பிலும் வெட்டு விழும். முதல் இரண்டு கிலோவை ஓட்டியதும் நிறுத்தி, ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். நூறு பருப்பில் நாலைந்துக்கு மேல் வெட்டுப்பட்டிருந்தால் இடைவெளியைத் தளர்த்துங்கள்.

தோல் போன பருப்பின் மேல் கொழகொழவென்று பசை இருக்கும். தொட்டியில் குவித்து மூடிவைத்தால் அது தானே புளித்துக் கரையும். சமவெளியோரத்தில் ஒரு நாளில் முடிவது, உங்கள் குளிரில் 36 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கடிகாரத்தை நம்ப வேண்டாம். குவியலில் ஒரு குச்சியைச் செருகி எடுங்கள். துளை மூடாமல் அப்படியே நின்றால் முடிந்தது. இன்னொரு வழி, ஒரு பிடி அள்ளிக் கழுவித் தேயுங்கள். வழுக்கினால் பசை பாக்கி. சரளைக்கல் மாதிரி சொரசொரவென்று உரசினால் உடனே கழுவிவிடலாம். "காலையில் பார்த்துக்கலாம்" என்று விட்ட குவியல்தான் புளிப்பு வாடையில் விலை போகாமல் திரும்பி வரும். கழுவிய தண்ணீரை ஓடையில் திருப்பாதீர்கள். கீழே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். குழி வெட்டி அதில் விட்டுச் சுண்ணாம்பு போடுங்கள். தோலை எருக்குழியில் சேருங்கள்.

பெரிய சிக்கல் காயவைப்பது. 100 கிலோ பழத்தின் ஈரப் பருப்பைக் கம்பி வலை அடித்த 8 அடிக்கு 4 அடி மேசை ஒன்றில் மெல்லிசாகப் பரப்பிவிடலாம். ஒரு மேசை போதும் என்று தோன்றும். ஆனால் நல்ல வெயிலிலேயே காய 8 முதல் 10 நாள் ஆகும். நீங்கள் தினமும் 100 கிலோ பறித்தால் முதல் மேசை காலியாவதற்குள் ஒன்பது மேசைக்குச் சரக்கு வந்து நிற்கும். கீழ்ப்பழனியில் பறிப்பு வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிறது. மூட்டமும் தூறலுமாக இருந்தால் 15 நாள்கூட ஆகும். மேசைதான் உங்கள் அளவுகோல். எத்தனை மேசை போட முடிகிறதோ அவ்வளவு பழத்தை மட்டும் பார்ச்மென்ட் ஆக்குங்கள், மீதியை வழக்கம்போல் பழமாகவே எடை போடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மண் தரையில் மட்டும் காயப்போட வேண்டாம். மேலே பாலித்தீன் கூரை, பக்கவாட்டில் காற்றோட்டம், மணிக்கு ஒரு தடவை கிளறல், மாலையில் குவித்து மூடல் – இவ்வளவுதான் முறை.

காய்ந்ததா என்று அறிய, முதல் நாளே தண்ணீர் வடிந்த பருப்பில் சரியாக ஒரு கிலோவை ஒரு வலைப் பையில் கட்டி அதே மேசையில் வையுங்கள். தினமும் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். ஏறக்குறைய அரைக் கிலோவுக்கு வந்து, இரண்டு நாள் அதே எடையில் நின்றால் சரி. ஈரப்பதம் 11 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தாண்டிக்குடியிலேயே காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முதல் தடவை ஒரு மாதிரியை எடுத்துப்போய் மீட்டரில் காட்டிக் கேளுங்கள். உங்கள் பையின் எடையும் மீட்டரும் ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும். மூட்டையைச் சுவரோரம் சாய்க்காமல் பலகை மேல் அடுக்குங்கள். உரம், மண்ணெண்ணெய், மிளகு எதுவும் பக்கத்தில் வேண்டாம். காப்பி எல்லா வாடையையும் இழுக்கும், மலை மூட்டத்தில் ஈரத்தையும் இழுக்கும்.

பொடி ஆசையை விட வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டு 20 கிலோ பருப்பை மட்டும் பட்டிவீரன்பட்டிப் பக்கம் ஓடு நீக்கி, கூலிக்கு வறுத்து வாங்கி, 100 கிராம் பாக்கெட்டாக ரொக்கத்துக்கு மட்டும் விற்றுப் பாருங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் சிறு தயாரிப்பாளர் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். அது இல்லாமல் பாக்கெட்டைக் கடையில் வைக்காதீர்கள். சிக்கரி கலந்தால் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் விகிதத்தையும் லேபிளில் அச்சிட வேண்டும். அந்த 20 கிலோ எத்தனை நாளில், என்ன விலைக்குப் போனது என்ற கணக்கோடு வங்கிக்குப் போங்கள். மேலாளர் கேட்கப்போகும் முதல் கேள்வியே அதுதான்.

கேள்வி: என் மனைவி பெயரில் 4 லட்ச ரூபாயில் தையல் யூனிட் போட பி.எம்.இ.ஜி.பி. என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் விண்ணப்பிக்க இருக்கிறோம். 35 சதவீத மானியம் கைக்கு எப்போது வரும்?
(பண்ணைக்காடு)

பதில்: கைக்கு வரவே வராது. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் மானியத்தை நம்பி வெளியில் வட்டிக்கு வாங்குகிறார்கள்.

கிராமப்புறத்தில் பெண்ணுக்கு 35 சதவீதம் என்பது சரி. சொந்தப் பணம் 5 சதவீதம், அதாவது 20,000 ரூபாய். மீதி 3,80,000 வங்கிக் கடன். மானியம் 1,40,000 ரூபாய் உங்கள் கடனுக்கு எதிராக அதே வங்கியில் தனி டெபாசிட்டாக 3 ஆண்டு கிடக்கும். அந்தத் தொகைக்கு டெபாசிட் வட்டியும் கிடையாது, அந்த அளவு கடனுக்கு உங்களிடம் வட்டியும் வாங்க மாட்டார்கள். யூனிட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நேரில் பார்த்து உறுதியான பிறகு கடனில் கழிப்பார்கள். நடுவில் மூடிவிட்டால் மானியம் திரும்பிப் போகும், முழுக் கடனும் உங்கள் தலையில்.

அதனால் முதல் மாதத்திலிருந்தே தவணை கட்டும் அளவுக்குத் தையல் வேலை இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிச் சீருடை ஜூன் மாதத்தோடு முடிந்துவிடும்; பிளவுஸ் தீபாவளி, பொங்கல், வைகாசி முகூர்த்தம் என்று வரும். நடுவில் காலியாக இருக்கும் மாதங்களுக்கு வழி தெரியவில்லையென்றால் 4 லட்சத்தை ஒன்றரை லட்சமாகக் குறையுங்கள்: இரண்டு பவர் மெஷின், ஓர் ஓவர்லாக், ஒரு வெட்டு மேசை. மெஷின் விற்கும் ஏஜென்ட் எழுதிக் கொடுக்கும் திட்ட அறிக்கையில் எப்போதும் ஐந்து மெஷின் இருக்கும். பயிற்சி வேண்டுமானால் மாவட்டத்தின் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் சாப்பாடு உட்பட இலவசம்.

கேள்வி: நாங்கள் பளியர் பழங்குடியினர். மகள் பத்தாவது எழுதியிருக்கிறாள். எங்கள் குடியில் இதுவரை யாரும் பத்தாவது தாண்டவில்லை. சாதிச் சான்றிதழ் இல்லை. ஜூனில் மேலே சேர்க்க முடியுமா?
(கொடைக்கானல் வட்டம்)

பதில்: முடியும். ஆனால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே தொடங்குங்கள். மற்றச் சாதிகளுக்குத் தாசில்தார் கொடுப்பதுபோல் பழங்குடிச் சான்றிதழ் தாலுகா ஆபீஸோடு முடிவதில்லை. கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். விசாரணைக்கு ஆள் வர வேண்டும். அது இழுக்கும். இ-சேவை மையத்தில் பதிவு செய்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். குடும்பத்தில், தந்தை வழியில் யாருக்காவது ஏற்கெனவே பழங்குடிச் சான்றிதழ் இருந்தால் அதன் நகல்தான் பெரிய பலம்: சித்தப்பா, பெரியப்பா, அத்தை யாராக இருந்தாலும். யாருக்குமே இல்லையென்றால் மாற்றுச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பழைய வீட்டு மனைப் பட்டா, வன உரிமை ஆவணம் என்று குடியின் பெயர் எங்கெல்லாம் பதிவாகியிருக்கிறதோ அதையெல்லாம் சேருங்கள். அதிகாரி விசாரிக்க வரும் நாளில் குடித்தலைவரும் இரண்டு பெரியவர்களும் வீட்டில் இருக்கட்டும். காட்டுக்குப் போய்விட்டார்கள் என்று அறிக்கை எழுதினால் மறுபடி முதலிலிருந்து.

சான்றிதழைவிட அதிகப் பிள்ளைகளின் உதவித்தொகையைத் தடுப்பது எழுத்துப்பிழை. ஆதாரில் ஒரு பெயர், மாற்றுச் சான்றிதழில் ஒரு பெயர், முன்னெழுத்து ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். பிறந்த தேதி ஒன்றில் ஜனவரி 1. மதிப்பெண் பட்டியல் அச்சாகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. ஆதாரைத் திருத்துவது சுலபம். பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடி ஆதாரை மாற்றிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு மகள் பெயரிலேயே இருக்கட்டும். கணக்கில் ஆதார் எண் சேர்ந்திருந்தால் மட்டும் போதாது, அரசுப் பணம் நேரடியாக விழும்படி இணைத்திருக்கிறார்களா என்று கிளையில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

எங்கே சேர்ப்பது? பதினொன்றாம் வகுப்பு என்றால் விடுதியுள்ள அரசுப் பள்ளி. தினமும் பஸ்ஸை நம்பிச் சேர்த்தால் மழைக்காலத்தில் மண் சரிந்த முதல் வாரத்திலேயே படிப்பு நிற்கத் தொடங்கிவிடும். கைத்தொழில் பிடித்தால் பத்தாவது முடித்தே ஐ.டி.ஐ. சேரலாம், அல்லது மூன்றாண்டு பாலிடெக்னிக். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் இவற்றுக்கும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அதற்கு மனு போடுவது கல்லூரி அல்லது நிறுவனம் வழியாக. சேர்ந்த முதல் மாதத்திலேயே கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் 14 பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். நான் படித்தது பன்னிரண்டாவது. ஐந்தாவது படிக்கும் பையனுக்கே வரி படிக்க வரவில்லை. புத்தகத்தை எங்கிருந்து தொடங்குவது?
(மன்னவனூர்ப் பக்கம்)

பதில்: புத்தகத்தை ஒரு மாதம் ஓரமாக வையுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து ஐந்து நிமிடம் பாருங்கள்: தனி எழுத்து பத்து, இரண்டெழுத்து மூன்றெழுத்துச் சொல் பத்து, நாலு வரிப் பத்தி ஒன்று, சின்னக் கதை ஒன்று. எந்த இடத்தில் நிற்கிறானோ அதுதான் அவன் வகுப்பு. மூன்றாவது படிக்கிற பெண்ணும் ஐந்தாவது படிக்கிற பையனும் ஒரே பாயில் உட்காரலாம். மூன்று குழுவுக்கு மேல் வேண்டாம், உங்களால் சுற்றிவர முடியாது.

எழுத்துக் குழுவுக்கு அ, ஆ-விலிருந்து 247-ஐயும் ஒப்பிக்க வைக்காதீர்கள். ட, ப, ம, ர என்று நாலையும் மேலே வைக்கும் புள்ளியையும் பிடித்தால் அன்றைக்கே 'படம்', 'மரம்', 'பட்டம்' படித்துவிடுவான். அந்தச் சந்தோஷம் மறுநாள் அவனைக் கூட்டிவரும். கால், விசிறி, சுழி எல்லாம் பிறகு. பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி விழுவது 'கொ'-வில். எழுத்து நடுவில் இருக்க, முன்னால் கொம்பு, பின்னால் கால். பிள்ளை இடமிருந்து வலமாகப் பார்த்து 'கெ' என்று தொடங்கி, காலைப் பார்த்ததும் 'ர' என்று சேர்த்து 'கெர' என்று படிப்பான். தப்பு அவனுடையதல்ல, கண் போகிற வழி அது. மூன்று துண்டுச் சீட்டில் கொம்பு, க, கால் என்று தனித்தனியாக எழுதி, க-வை நடுவில் வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் ஒட்டச் சொல்லுங்கள். பத்துத் தடவை கையால் செய்தால் கண் கேட்கும்.

பூண்டு பிடுங்கும் மாதத்தில் பாதிப் பேர் வர மாட்டார்கள். திட்டாதீர்கள், அந்த வாரங்களில் அரை மணி நேரம் மட்டும் வைத்து, தொடர்பு அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்கு அப்பாக்களின் மண்டிச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்குப் போன 3 மூட்டைப் பூண்டு, மூட்டைக்கு 50 கிலோ என்று வையுங்கள். மூட்டைக்கு 1 கிலோ கழிவு போக 147 கிலோ. கிலோ 180 என்றால் 26,460 ரூபாய். கமிஷன் 10 சதவீதம் 2,646, இறக்குக்கூலி 60, வண்டி 180. கைக்கு வருவது 23,574. இதை 150-ஆல் வகுக்கச் சொல்லுங்கள்: கிலோ 157 சொச்சம். "180-க்குப் போச்சு" என்று அப்பா ஊரில் சொன்ன விலைக்கும் இதற்கும் உள்ள 23 ரூபாய் எங்கே போனது என்று ஏழாவது படிக்கிற பெண் வீட்டில் போய்க் கேட்பாள். சீட்டில் ஆள் பெயரை மறைத்துவிட்டுப் பாடம் நடத்துங்கள். ஒருவர் கடன் பாக்கி இன்னொருவருக்குத் தெரிய வேண்டாம்.

கேள்வி: 6 பெட்டித் தேனீ வைத்திருக்கிறேன். பாட்டிலில் அடைத்த தேன் இரண்டு மாதத்தில் நுரைத்து மூடி தள்ளுகிறது. கடைக்காரர் கலப்படம் என்கிறார். நான் எதையும் கலக்கவில்லை.
(பெரும்பாறை)

பதில்: நீங்கள் கலக்கவில்லை, மூட்டம் கலந்துவிட்டது. தேனில் தண்ணீர் 20 சதவீதத்துக்கு மேல் போனால் அதிலேயே இருக்கும் ஈஸ்ட் கிளம்பிப் புளிக்க வைக்கும். நம் மலை அடுக்குத் தேனீயின் தேன் இயல்பிலேயே கொஞ்சம் இளக்கம். அதிலும் மெழுகு மூடாத அடையைப் பிழிந்தால் நிச்சயம் நுரைக்கும். அடையில் முக்கால் பங்காவது தேனீயே மூடி போட்ட பிறகு எடுங்கள். மழை விட்டு இரண்டு மூன்று வெயில் நாள் போகட்டும். விடிகாலை மூட்டத்தில் எடுக்காமல் பகல் வெயிலில் எடுங்கள். புழு அடையைச் சேர்த்துப் பிழியாமல், தேன் அறைச் சட்டத்தை மட்டும் சுற்றும் இயந்திரத்தில் போடுங்கள்.

வடிகட்டிய தேனைத் திறந்த பாத்திரத்தில் இரவு முழுக்க வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். கழுவிய பாட்டிலை வெயிலில் முழுக்கக் காயவைத்து, கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். ஈரப்பதம் பார்க்கும் கையடக்கக் கருவியை நாலு தேனீக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும், ஒரு சொட்டு வைத்தால் எண் தெரிந்துவிடும். 20-க்கு மேல் காட்டுவதைப் பாட்டிலில் அடைக்காமல், முதல் இரண்டு வாரத்தில் செலவாகிவிடும் வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துவிடுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவைத்து வற்ற வைக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிறம் கறுத்து, மணம் போய், பரிசோதனையிலும் தோற்கும். ஏற்கெனவே நுரைத்ததைப் பெட்டிக்குள் தேனீக்குத் திருப்பி ஊட்டவும் வேண்டாம். அவற்றுக்கு வயிறு போகும்.